வெறுப்பும் வழக்கமும்

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டைவிட்டு வெளியேறிச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கு வயது 22, இன்னொருவருக்கு 20. ஒருவரையொருவர் விரும்பினார்கள், சேர்ந்து வாழ்வதென்று முடிவெடுத்திருந்தார்கள். மகளைக் காணவில்லை என்று இரண்டு வீட்டாரும் புகார் கொடுத்தார்கள். இரண்டு முதல் தகவல் அறிக்கைகள் பதிவாயின, போலீஸ் தேடத் தொடங்கியது. பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது.

அவர் பெண்களையும் பெற்றோரையும் ஓர் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகர் தந்த அறிக்கையின் சாரம் நீதிமன்ற ஆணையிலேயே இருக்கிறது. பெண்கள் தெளிவாக இருந்தார்கள், தங்கள் உறவைப் பற்றி அவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. கலங்கிப்போயிருந்தவர்கள் பெற்றோர். ஊர் என்ன பேசும், வம்சம் என்னாகும், பிள்ளையைத் தத்தெடுக்க முடியுமா, ஆணும் பெண்ணும் சேர்ந்தால் தானாக நடக்கும் காரியங்களெல்லாம் இங்கே எப்படி நடக்கும் என்று அவர்களுக்குக் கவலை. இவற்றோடு இன்னொன்றும் அறிக்கையில் இருந்தது. மகள்கள் இப்படிச் சேர்ந்து வாழ்வதைவிட, காலம் முழுக்கத் துணையே இல்லாமல் தனியாக இருந்துவிட்டால் அது கௌரவமாக இருக்கும் என்று பெற்றோர் நினைத்தார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. தமிழ்க் குடும்பத்தில் பெண் கல்யாணமாகாமல் வீட்டிலிருப்பது சின்ன விஷயமில்லை. இருபத்தைந்து தாண்டிவிட்டால் விசேஷ வீடுகளில் தாயால் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. அந்தத் துயரத்தைக்கூட ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்த பெற்றோருக்கு, மகள் தன் மனசுக்குப் பிடித்தவளோடு வாழ்வதை ஏற்க முடியவில்லை. இதை வெறுப்பு என்று சொல்லிவிட முடியுமா? அவர்கள் மகளை வெறுத்தவர்களாகத் தெரியவில்லை. தேடி அலைந்தவர்கள், அழுதவர்கள், நீதிமன்றம் கூப்பிட்டபோதெல்லாம் வந்து நின்றவர்கள். ஆனாலும் அந்தப் பெண்கள் உயிருக்குப் பயந்துதான் ஓடிவந்தார்கள். வெறுப்பு முன்னே நிற்காத இடத்தில் அவர்களை அப்படித் துரத்தியது எது?

ஹோமோஃபோபியா, ஹெட்டரோநார்மேட்டிவிட்டி என்ற இரண்டு கருத்துகளையும் பிரித்து வைத்துப் பார்க்க வேண்டிய தேவை இங்கேதான் வருகிறது. முதலாவதைத் தன்பாலீர்ப்பு வெறுப்பு என்று சொல்கிறோம். இரண்டாவதை இந்தக் கட்டுரையில் எதிர்பால் நியமம் என்று குறிப்பிடுகிறேன். பேச்சில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அதனால் வரும் நஷ்டம் பெரியது. வெறுப்பை ஒழித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

ஹோமோஃபோபியா என்ற கருத்தைப் பரப்பியவர் ஜார்ஜ் வைன்பெர்க் என்ற நியூயார்க் உளவியலாளர். 1960களின் நடுவில் அவருக்கு இது தோன்றியது. 1969இல் ஓர் அமெரிக்க இதழில் அச்சேறியது. 1972இல் அவர் எழுதிய புத்தகம் வழியாகப் பரவியது. அந்தக் காலத்தை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அவர் செய்ததன் கனம் புரியும். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் தன்பாலீர்ப்பு அப்போது ஒரு மனநோய். பட்டியலிலிருந்து அது நீங்கியது 1973 டிசம்பரில்தான். உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலிருந்து நீக்க 1990 மே 17 ஆயிற்று. மருத்துவமே இவர்களை நோயாளிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, சிகிச்சை தேவைப்படுவது இவர்களுக்கல்ல, இவர்களைக் கண்டு நடுங்குகிறவர்களுக்குத்தான் என்றார் வைன்பெர்க். அவர் தன்பாலீர்ப்பாளரும் அல்ல. தம்மோடு தொழில் செய்த படித்த மனிதர்கள், தன்பாலீர்ப்பாளரான ஒரு தோழியைச் சேர்த்துக்கொள்ளக் கூசியதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் அவருக்கு வந்தது.

அந்தப் பயத்துக்கு அவர் பல காரணங்களைச் சொன்னார். மதம் ஒன்று. தனக்குள்ளும் அது இருக்குமோ என்ற உள்ளச்சம் ஒன்று. அவர் பட்டியலில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு காரணம். பிள்ளைகள் வழியாகத்தான் மனிதர்கள் தங்கள் மரணத்தைக் கடந்து போவதாக நம்புகிறார்கள். பிள்ளை பெறாத வாழ்க்கையைத் தேர்ந்தவர்களைப் பார்க்கும்போது அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது என்றார் அவர். மன்ஹாட்டனில் உட்கார்ந்து எழுதியது, கொள்ளி வைக்க ஒரு மகன் வேண்டும் என்று ஏங்கும் ஊருக்கு இவ்வளவு பொருந்துகிறது. மதுரைப் பெற்றோரின் வம்சக் கவலையை வைன்பெர்க் கேட்டிருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்.

ஆனாலும் அவருடைய விளக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதைச் சரியாகவே சுட்டினார்கள். பயம் என்றும் நோய் என்றும் சொல்லிவிட்டால் குற்றம் தனிமனிதரின் மனசுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. சாதி வெறியரை மனநோயாளி என்று சொல்லிவிட்டால் சாதி தப்பித்துவிடுமல்லவா, அதுபோல. பிரிட்டிஷ் உளவியலாளர் சீலியா கிட்சிங்கர் 1987இல் வெளிவந்த தம் நூலில் ஏறக்குறைய இதைத்தான் வாதிட்டார்: அரசியல் பிரச்சினை உளவியல் பிரச்சினையாகச் சுருங்கிப்போகிறது. அமெரிக்க ஆய்வாளர் கிரெகரி ஹெரெக், பயம் என்பதை விட்டுவிட்டு இழிவு, முற்சாய்வு என்ற வகையில் பேசலாம் என்றார். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2012இல் தன் செய்தியாளர்கள் ஹோமோஃபோபியா என்ற சொல்லைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டது. நான் இதை முழுக்க ஏற்கவில்லை. அடித்து நொறுக்கும் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது வெறுப்பு என்ற சொல் தேவைப்படும். அதை மழுங்கடிக்கக் கூடாது. ஆனால் அடிக்காத, திட்டாத, அன்பாகவே பேசுகிற ஒருவர் செய்யும் கேட்டை விளக்க அது போதாது.

அதை விளக்க வந்தவர்கள் பெரும்பாலும் பெண்ணியவாதிகள். கவிஞர் ஏட்ரியன் ரிச் 1980இல் எழுதிய கட்டுரை பெண்ணியத்துக்குள்ளேயே ஒரு கேள்வியைப் போட்டது. பெண் ஆணை விரும்புவது இயற்கை என்றால், அதைக் காப்பாற்ற இவ்வளவு கட்டாயம் எதற்கு? சீதனம், கற்பு, பொருளாதாரச் சார்பு, ஊர்ப்பேச்சு, அடி என்று இத்தனை வேலிகளை எதற்குப் போட்டு வைத்திருக்கிறோம்? (சீதனமும் ஊர்ப்பேச்சும் நான் சேர்த்தவை, அவர் கேள்வி நம்மிடம் வரும்போது அவையும் சேர்ந்துதானே வரும்.) 1984இல் மானுடவியலாளர் கேய்ல் ரூபின், சமூகம் காமத்தைப் படிநிலையாக அடுக்கி வைத்திருப்பதைக் காட்டினார். மணமான, ஒரே துணையோடு வாழ்கிற, பிள்ளை பெறுகிற ஆண்–பெண் ஜோடிக்கு உச்சியில் இடம்; விலக விலகக் கீழே. 1991இல் மைக்கேல் வார்னர் இதற்கு ஹெட்டரோநார்மேட்டிவிட்டி என்று பெயரிட்டார். ஆண்–பெண் ஜோடி என்பது ஒரு வகை வாழ்க்கையாக அல்லாமல் சமூகமே அதுதான் என்பதுபோல எண்ணப்படுவதை அவர் குறிவைத்தார். பள்ளி, வரி, சட்டம், மருத்துவமனை, சினிமா எல்லாம் அந்த எண்ணத்தின்மீது கட்டப்பட்டிருக்கின்றன. அங்கே வேலை செய்கிற ஒருவருக்கும் வெறுப்பு இருக்க வேண்டிய அவசியமில்லை. விண்ணப்பத்தில் ‘கணவர் அல்லது தந்தை பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தால் போதும்.

மதுரை வழக்கில் இந்த வேறுபாட்டுக்கு மிக நேர்மையான சாட்சி நீதிபதிதான். தன்பாலீர்ப்பைப் பற்றி இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளாத பெரும்பான்மையைச் சேர்ந்தவனே நானும் என்று ஆணையில் எழுதினார். புரியாமல் தீர்ப்பெழுதினால் அது மூளையிலிருந்து வருமே தவிர மனசிலிருந்து வராது என்று சொல்லி, தமக்கே ஓர் உளவியல் அமர்வு வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார். தன்பாலீர்ப்பாளர்களையும் திருநர்களையும் சந்தித்துப் பேசினார். யாரையும் அவர் வெறுத்ததில்லை. சட்டம் படித்தவர், நல்லெண்ணம் உள்ளவர். இருந்தும் இத்தனை ஆண்டு வாழ்க்கையில் இந்த மனிதர்களை அறியும் தேவை அவருக்கு வந்ததே இல்லை. தேவை வராமல் பார்த்துக்கொள்வதில்தான் நியமத்தின் பலம் இருக்கிறது. இந்திய நீதிமன்ற ஆவணங்களில் ஒரு நீதிபதி தம் அறியாமையை இப்படி வெளிப்படையாக எழுதி வைத்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை. அந்த ஆணைகளைத் தமிழில் மொழிபெயர்த்துக் கல்லூரிகளில் பாடமாக வைக்க வேண்டும்.

2021 ஜூன் 7 அன்று வந்த ஆணை, காணவில்லை என்ற புகாரில் தேடப்படுபவர்கள் வயதுவந்தவர்கள், தாமாக விரும்பிச் சேர்ந்த தன்பாலீர்ப்பாளர்கள் என்று தெரிந்தால், அவர்களிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும் என்றது. பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது.

காணவில்லை என்ற அந்தப் புகாரை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்தக் கருவி முதலில் பழகியது தன்பாலீர்ப்பாளர்களின்மீது அல்ல. வேறு சாதிப் பையனோடு போய்விட்ட பெண்ணைத் திரும்பக் கொண்டுவர வீட்டார் கையிலெடுத்தது அதைத்தான். காவல் நிலையத்தில் பெண்ணைப் பெற்றோரோடு அனுப்பி வைப்பது, ‘அறிவுரை’ சொல்வது, கையெழுத்து வாங்குவது எல்லாம் அந்த வழக்குகளில் தேய்ந்து பழகிய வழிகள். வேறு சாதி ஆணோடு போனவளுக்கும் இன்னொரு பெண்ணோடு போனவளுக்கும் ஒரே பாதை, ஒரே நாற்காலி, ஒரே அறிவுரை.

சாதிக்கும் இந்த நியமத்துக்கும் பாதை ஒன்றாக இருப்பது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கட்டுரை உதவும். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் சாதி பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அகமணம்தான் சாதியின் சாரம் என்பது அவர் வாதம். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் செய்துகொள்ள வேண்டுமானால் ஆண்களின் எண்ணிக்கையும் பெண்களின் எண்ணிக்கையும் ஈடாக இருந்தாக வேண்டும். துணையை இழந்தவர்கள் மிகையாகிவிடுவார்கள், அவர்களை ஏதாவது செய்தாக வேண்டும். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவற்றை அந்தக் கணக்கின் விளைவுகளாக அவர் விளக்கினார். தன்பாலீர்ப்பைப் பற்றி அந்தக் கட்டுரை எதுவும் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு உடலும் சாதிக்குள் ஓர் ஆண்–பெண் கணக்கில் ஏற்றப்பட வேண்டும், மிஞ்சி நிற்கும் உடல் ஆபத்து என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன ஒன்றை நான் படிக்கவில்லை. வார்னரின் கோட்பாட்டை அப்படியே இங்கே எடுத்து வந்தால் பாதிதான் பொருந்தும். இங்கே நியமம் வெறும் ஆண்–பெண் அல்ல. சாதிக்குள், ஜாதகம் பொருந்தி, பெரியவர்கள் பேசி முடித்து, காலத்தில் பிள்ளை பெறும் ஆண்–பெண். அதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் தண்டனை உண்டு.

பிள்ளை என்ற கண்ணி அறுந்தால் என்னாகும் என்பதைப் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வாசகர்கள் அறிவார்கள். காளியும் பொன்னாவும் எல்லா விதிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்த தம்பதி, ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தவர்கள். குழந்தை மட்டும் இல்லை. ஊர் அவர்களுக்குச் செய்ததெல்லாம் எதிர்பால் நியமம் எதிர்பாலீர்ப்பாளர்களுக்கே செய்யும் கொடுமை. ஆண்–பெண் ஜோடிகளை இந்த நியமம் காப்பாற்றுகிறது என்பது பாதி உண்மை. மணமாகாதவர், கைம்பெண், மணமுறிவு பெற்றவர், பிள்ளையில்லாதவர் எல்லாருக்கும் அதன் அடி தெரியும். தன்பாலீர்ப்பாளர்களின் பிரச்சினை ஏதோ ஒரு சிறு கூட்டத்தின் பிரச்சினை என்று ஒதுக்குகிறவர்கள், தம் வீட்டு அத்தையையும் சித்தியையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நம் பழைய இலக்கியத்தில் வேறு இடம் இருந்ததா என்று சிலர் ஆர்வத்தோடு தேடுகிறார்கள். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் பாராமலே நேசித்து, வடக்கிருந்து ஒன்றாக உயிர்விட்டதைக் காட்டுகிறார்கள். அதைத் தன்பாலீர்ப்பு என்று படிக்கச் சான்று போதாது என்பது என் எண்ணம். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். அந்தப் பாடல்கள் புறத்தில் இருக்கின்றன. அகத்தில் பேசும் உரிமை தலைவனுக்கும் தலைவிக்கும் அவர்களைச் சுற்றியவர்களுக்கும்தான். ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும் பொருந்தாததைப் பெருந்திணை என்றும் ஓரத்தில் நிறுத்தி வைத்த தொல்காப்பியமும் அன்புக்கு ஒரு மையத்தை வரைந்த நூல்தான். பழமை முழுக்க விடுதலையாக இருந்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்ற கதை ஆறுதல் தரும். அது பாதிக்குமேல் தாங்காது.

கெடுத்த பாதியும் உண்மைதான். மெக்காலே 1837இல் வரைவு தயாரித்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியது. அதன் 377ஆம் பிரிவு இயற்கைக்கு மாறான உடலுறவைக் குற்றமாக்கி, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் பலவற்றுக்கும் பரவியது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 365ஆம் பிரிவு ஆயிற்று. அங்கே 1995இல் திருத்தம் கொண்டுவந்தபோது, ஆண்களை மட்டும் குறித்த 365ஏ பிரிவைப் பாலினப் பாகுபாடு இல்லாமல் ஆக்குகிறோம் என்று பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சமத்துவத்தின் பெயரால் குற்றத்தை விரிவாக்கிய கொடுமை அது.

டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று 377இன் கூர்முனையை உடைத்தது. தீர்ப்பளித்த தலைமை நீதிபதி ஏ.பி. ஷா அதற்கு முன் சென்னையில் தலைமை நீதிபதியாக இருந்தவர். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 150 ஆண்டுகளில் 200 பேருக்கும் குறைவானவர்கள்மீதுதானே வழக்கு நடந்திருக்கிறது, இவர்கள் மிகச் சிறு தொகையினர்தானே என்பது அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த 200 என்ற எண்ணைக் கொண்டு நீதிபதிகள் வந்து சேர்ந்த முடிவு தவறு. சிறைக்குப் போனவர் சிலரே என்றால், சட்டம் வேறெங்கோ வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். பூங்காவில் பிடித்துப் பணம் பறிக்கிற போலீஸ்காரர் வாயில், வீட்டில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறவன் கையில், உன்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று அஞ்சுகிற தாயின் மனசில் அது வேலை செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக அதைச் சரிசெய்தது. வயதுவந்தவர்கள் விரும்பிச் சேர்வது இனிக் குற்றமல்ல.

குற்றம் நீங்கினால் நியமமும் நீங்குமா? இந்தக் கேள்விக்குத் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூர் ஒரே நாளில் விடை சொன்னது. 2022 நவம்பர் 29 அன்று அந்நாட்டு நாடாளுமன்றம் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கியது. அதே நாளில் அரசியலமைப்பையும் திருத்தியது. திருமணம் என்றால் ஆண்–பெண் திருமணம் என்ற வரையறையை யாரும் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்க முடியாதபடி காப்பு வைத்தது. ஒரு கையால் கைதிக்கூண்டைத் திறந்து, மறுகையால் வீட்டு வாசலைத் தாழிட்ட அந்த நாள், இரண்டு கருத்துகளுக்கும் உள்ள இடைவெளியை எந்தப் பாடநூலைவிடவும் தெளிவாகக் காட்டியது.

இந்தியாவில் அதே தாழ் 2023 அக்டோபர் 17 அன்று விழுந்தது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் தங்களையும் சேர்க்கக் கேட்ட தன்பாலீர்ப்பு ஜோடிகளிடம், அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது உச்ச நீதிமன்றம். திருமணம் செய்துகொள்ளும் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். ஜோடியாக வாழ்வதை அரசு அங்கீகரிக்க வேண்டும், அவர்கள் சேர்ந்து தத்தெடுக்கலாம் என்றவர்கள் இருவர், மறுத்தவர்கள் மூவர். மாண்பு, சமத்துவம் என்ற பேச்சில் அந்தத் தீர்ப்பின் பக்கங்களுக்குக் குறைவில்லை. வெறுப்பு ஒரு வரியிலும் இல்லை. கடைசியில் அந்த ஜோடிகள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மருத்துவக் கல்வியில் நடந்தது இன்னும் விசித்திரம். சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவப் பாடநூல்களைப் பற்றிக் கேள்வி எழுப்பியதையடுத்து, தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் இழிவான பகுதிகளைத் திருத்தச் சொன்னது. 2022இல் பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சையைத் தொழில்முறை ஒழுக்கக்கேடு என அறிவித்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, 2024 ஆகஸ்ட் கடைசியில் அதே ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில், தடய மருத்துவப் பகுதியில், பெண் தன்பாலீர்ப்பு மறுபடியும் இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்களின் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பு கிளம்பியது, சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். யாரோ ஒருவர் பகைமையோடு திட்டமிட்டுச் சேர்த்தார் என்று நான் நினைக்கவில்லை. பழைய பாடத்தை எடுத்து ஒட்டியிருக்கக்கூடும். 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும், ஒட்டியவர் கண்ணிலும் சரிபார்த்தவர் கண்ணிலும் அது உறுத்தவில்லை. நியமம் வாழ்வது இந்த உறுத்தாமையில்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப்பெருமை இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. சடங்கும் புரோகிதரும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களைப் பெரியாரும் தோழர்களும் 1920களின் கடைசியிலிருந்து நடத்தினார்கள். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு திருமணத்தைச் செல்லாது என்றது. அண்ணா ஆட்சிக்கு வந்த 1967இல், இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, அவை செல்லும் என்று ஆயிற்று. முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்துத்தான். மக்கள் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து காட்டிய பிறகு சட்டம் பின்னால் வந்து சேர்ந்த கதை இது. உறவினரோ நண்பரோ முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும், மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் போதும். புரோகிதரைச் சட்டம் வெளியே அனுப்பிவிட்டது. ஆனால் அந்த உறுதிமொழியில் ஒருவர் கணவர், ஒருவர் மனைவி என்பது அப்படியே இருந்தது. இவ்வளவு துணிந்து போன சீர்திருத்தமும் அந்த இரண்டு நாற்காலிகளைத் தொடவில்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் வருவார் என்று தீர்ப்பளித்தபோது நாற்காலியில் உட்காரும் உரிமை விரிந்தது. மிக முக்கியமான தீர்ப்பு. நாற்காலிகள் மட்டும் அதே இரண்டுதான்.

திருநங்கையர்க்கு 2008இலேயே நலவாரியம் அமைத்த மாநிலம், 2025இல் திருநர்களுக்கெனத் தனிக் கொள்கையையும் வெளியிட்டது. தன்பாலீர்ப்பாளர்களுக்கு அந்த அளவு கதவு திறக்கவில்லை. காரணம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். திருநங்கையைக் குடும்பம் வெளியே தள்ளியது, வெளியே நின்றவருக்கு அரசு உதவி செய்ய வந்தது. ஒரு பெண்ணை விரும்பும் பெண் வீட்டுக்குள் மகளாக இருந்துகொண்டே, மகளுக்கு என்று எழுதி வைத்த கல்யாணத்தை மறுக்கிறாள். அரசு அங்கே குடும்பத்தோடு மோத வேண்டியிருக்கிறது. நலத்திட்டத்துக்கு அதைவிடக் கஷ்டமான இடம் கிடையாது.

விதிகள் வரவில்லை என்று சொல்ல முடியாது. 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்ந்தது. தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்றது அது. ஆனாலும் 2025 மே மாதம் ஓர் ஆட்கொணர்வு மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இருபதுகளில் இருந்த ஒரு பெண், தன் தோழியோடு போக விரும்பியவர், போலீஸாரால் பெற்றோரிடம் அனுப்பி வைக்கப்பட்டிருந்தார். வீட்டில் அடித்தார்கள் என்றும், தன்னை ‘சரியாக்க’ச் சடங்குகள் செய்தார்கள் என்றும் நீதிபதிகளிடம் சொன்னார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவர் விரும்பியவரோடு போகலாம் என்றார்கள், போலீஸைக் கண்டித்தார்கள். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதும் உண்டு என்று எழுதினார்கள். எல்லாத் தாயும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்ற ஆதங்கமும் தீர்ப்பில் இருக்கிறது. எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாய் அவர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர், 2013 தீர்ப்புக்கு எதிராகத் தம் மகனுக்காக வெளிப்படையாக எழுதியவர்.

விதி 24-சி வெறுப்பைத் தடுக்க வந்த விதி. அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிய காவலர்களுக்குத் துன்புறுத்துகிறோம் என்ற எண்ணமே வந்திருக்காது. காணாமல்போன பெண்ணைப் பெற்றவர்களிடம் ஒப்படைத்தோம் என்றே நினைத்திருப்பார்கள். வயதுவந்த பெண் என்றாலும் ஒன்று தகப்பன் வீடு, இல்லையென்றால் புருஷன் வீடு. மூன்றாவதாக அவளுக்கென்று ஓர் இடம் அவர்கள் மனசில் இல்லை.

சட்டத்தின் மனசிலும் அந்த மூன்றாவது இடம் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 15ஆம் பிரிவு: உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. அதற்குப் பிறகுதான் அவளைப் பெற்ற தாய்தகப்பனுக்கு. பிள்ளையில்லாமல் கணவனை இழந்த மகள் தன் சம்பாத்தியத்தில் சேர்த்தது, பெற்றோர் உயிரோடிருக்க, மாமியார் வீட்டுக்குப் போகும். எதிர்பால் நியமம் எதிர்பாலீர்ப்புப் பெண்களையும் எப்படி வெட்டுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இருபது ஆண்டுகள் கூடவே வாழ்ந்த தோழிக்கு அந்த வரிசையில் கடைசியிலும் இடமில்லை.

2024 ஆகஸ்டில் மத்திய அரசு சில விளக்கங்கள் கொடுத்தது. தன்பாலீர்ப்பு ஜோடிகள் வங்கியில் கூட்டுக்கணக்கு தொடங்கத் தடையில்லை, ஒருவரையொருவர் நாமினியாகப் போடலாம், ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கொள்ளலாம், உறவினர் இல்லாத நிலையில் உடலைப் பெற்றுக்கொள்ளலாம். இவை சின்ன விஷயங்கள் அல்ல. மருத்துவமனை வராண்டாவில் ‘நீங்க யாரு, சொந்தமா?’ என்ற கேள்விக்கு முன்னால் நின்றவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இன்னொரு வழியை மாநில அரசின் பரிசீலனைக்கு வைத்தார். இருவர் குடும்பமாக இணைந்து வாழ்வதாக ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். திருமணம் என்று அதற்குப் பெயரில்லை. வாடகை வீட்டிலும் வேலையிடத்திலும் அக்கம்பக்கத்திலும் தொந்தரவு வந்தால் எடுத்துக் காட்ட ஒரு காகிதம்.

அப்படி ஒரு பத்திரம் நாளைக்கே வந்தாலும் வாரிசுரிமை அதற்குள் வராது. அதற்குத் தனியாக உயில் வேண்டும். மருத்துவ முடிவுகளுக்குத் தனியாக ஓர் அதிகாரப் பத்திரம். வீட்டுக்குக் கூட்டுப் பதிவு. குழந்தையைத் தத்தெடுத்தால் இருவரில் ஒருவர் பெயரில் மட்டும். ஆகவே சென்னையிலோ கோவையிலோ சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள் இன்று வழக்கறிஞரிடம் போனால் அவர் முதலில் எழுதச் சொல்வது உயிலைத்தான். சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். பிறந்த வீட்டார் நாளைக்கு நீதிமன்றத்தில் அந்த உயிலை எதிர்த்தால் வந்து நின்று சொல்லக்கூடிய, வயதில் இளைய ஆட்களாகப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்வார்.